வன்னியிலிருந்து பிரித்தானியாவுக்குத் துணைவர் விசா: கடதாசிகளை எந்த ஒழுங்கில் சேர்ப்பது?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், மல்லாவிப் பகுதிகளில் கணவனோ மனைவியோ பிரித்தானியாவில் இருக்க, மற்றவர் இங்கே நாள் எண்ணிக் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். பிரதேச செயலகமொன்றில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற பின்னர், அயலவர்களின் விசா விண்ணப்பங்களை அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துக் கொடுப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அதற்குக் காரணம் என் மகளின் முதலாவது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதே. மருமகன் கூடுதல் சம்பளத்துக்காக வேலை மாறி நான்கு மாதங்களே ஆகியிருந்தன. “சம்பளம் கூடத்தானே, பிரச்சினையில்லை” என்று சொல்லி, நகரில் பணம் வாங்கிப் படிவம் நிரப்பும் ஒருவர் புதிய வேலையின் நான்கு சம்பளச் சீட்டுகளை மட்டும் இணைத்து அனுப்பிவிட்டார். ஒரே முதலாளியிடம் ஆறு மாதங்கள் நிறையாதவர் கடந்த பன்னிரண்டு மாத வருமானத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. விண்ணப்பக் கட்டணம் போனது போனதுதான். அங்குள்ள அரச மருத்துவ சேவைக்கென விண்ணப்பத்தோடு முன்கூட்டியே கட்டும் சுகாதாரக் கட்டணம் மட்டும் திரும்பி வந்தது.

அந்த நிராகரிப்புக் கடிதத்தைப் பலமுறை வாசித்த பிறகு எனக்கு விளங்கியது இதுதான்: இந்த விசாவுக்குக் கேட்கப்படும் ஒவ்வொரு கடதாசிக்கும் ஓர் ஆயுள் உண்டு. பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும் காலாவதியாவதில்லை. ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடங்கள் செல்லும். காசநோய்ச் சான்றிதழுக்கு ஆறு மாதங்கள்தான். சம்பளச் சீட்டுகளிலும் வங்கிக் கூற்றுகளிலும் ஆகப் பிந்தியது, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 28 நாட்களுக்குள் திகதியிடப்பட்டிருக்க வேண்டும். ஆகவே நெடுநாள் செல்லுபடியாகும் கடதாசியை முதலிலும், விரைவில் காலாவதியாகும் கடதாசியைக் கடைசியிலும் எடுக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சம்பளச் சீட்டு வந்த கையோடு காசநோய்ப் பரிசோதனைக்குக் கொழும்புக்கு ஓடிவிட்டு, பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் பிழையென்று பிறகு கண்டுபிடிக்கிறார்கள்.

முதலில் பிரதேச செயலகம்

வன்னியில் தொடக்கம் லண்டனைப் பற்றியதாக இருக்க முடியாது. எங்கள் பிறப்புப் பதிவைப் பற்றியதாகவே இருக்க வேண்டும். இடம்பெயர்வின்போது கடதாசிகளை இழக்காத குடும்பம் இங்கே குறைவு. தர்மபுரத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை, 2009இல் தாய் பொலித்தீன் பையில் சுற்றி மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் பின்னர் தோண்டியெடுத்த பிறப்புச் சான்றிதழை என் மேசையில் விரித்தாள். நான்காக மடிந்த கோடுகளில் எழுத்து முற்றாக அழிந்திருந்தது. பதிவிலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கடதாசியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, புதிய பிரதிக்கு விண்ணப்பிக்கச் செய்தோம்.

பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரின் பிரிவில் பெறலாம். உள்ளூர்ப் பதிவேடு அழிந்திருந்தால் மனமுடைய வேண்டாம். பதிவுகளின் இரண்டாம் பிரதி பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் மத்திய ஆவணக் காப்பகத்தில் வைக்கப்படுவதால், அங்கே தேடுவிக்கலாம். எங்குமே பதிவில்லையென்றால் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கோ உத்தேச வயதுச் சான்றிதழுக்கோ விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கிராம அலுவலரின் அறிக்கை, பாடசாலை அனுமதிப் பதிவு, ஞானஸ்நானக் குறிப்பு போன்றவை அதற்குத் துணைசெய்யும். இதற்கு மாதக்கணக்கு எடுக்கும் என்பதால்தான் இதை முதற்படி என்கிறேன்.

பிரதி கைக்கு வந்ததும் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, விவாகச் சான்றிதழ் ஆகிய நான்கையும் ஒரே மேசையில் அடுக்கி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தமிழில் இராசேந்திரம் என்று ஒரே விதமாக எழுதப்பட்ட பெயர், ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒன்றில் ‘ராசேந்திரம்’ என்றும் இன்னொன்றில் ‘ராஜேந்திரம்’ என்றும் மாறிவிடுகிறது. தகப்பன் பெயரை முதற்பெயராகவும் பிள்ளையின் பெயரைக் குடும்பப் பெயராகவும் பிரித்தானியாவில் எடுத்துக்கொள்வதால், மனைவியின் பெயரும் கணவனின் பெயரும் தொடர்பற்றவையாகத் தோன்றுவது இயல்பு. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. எழுத்து வேறுபாடு சிறிதானால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் அல்லது சட்டத்தரணி மூலம் சத்தியக்கடதாசி முடித்து இணைக்கலாம். பிறந்த திகதியோ பெற்றோர் பெயரோ மாறியிருந்தால் பதிவையே திருத்த வேண்டும். கடவுச்சீட்டு அதற்குப் பின்னரே. வன்னியில் உள்ள பலருக்கு வவுனியாப் பிராந்திய அலுவலகம் அண்மையானது. தமிழில் உள்ள சான்றிதழ்கள் அனைத்தையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது, கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக் கூட்டலையே பயன்படுத்தும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விவாகம்

பொன்னுருக்கும் தாலிகட்டும் எங்களுக்குத் திருமணம்; விசா அதிகாரிக்கு விவாகச் சான்றிதழே திருமணம். கோயில் இரசீதோ குருக்களின் கடிதமோ அதற்கு ஈடாகாது. இருவரும் 18 வயது நிறைந்தவர்களாகவும், ஏற்கெனவே நேரில் சந்தித்தவர்களாகவும், முந்திய மணம் ஏதேனும் இருந்தால் அது சட்டப்படி முடிந்தவர்களாகவும் இருக்க வேண்டும். மாப்பிள்ளையிடமோ பெண்ணிடமோ வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால், விமானச்சீட்டு எடுப்பதற்கு முன்னரே மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போய், அவர் கேட்கும் ஆவணங்களின் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு வார விடுமுறையில் வந்த ஒருவர், மணமாகாதவர் என்ற சான்று கையில் இல்லாமல் பதிவு செய்ய முடியாது திரும்பிப் போனதைக் கண்டிருக்கிறேன்.

அங்கே அகதி அந்தஸ்துடன் இருப்பவர் இலங்கைக்கு வர முடியாது என்பதால், இந்தியாவிலோ வேறொரு நாட்டிலோ திருமணம் நடப்பதுண்டு. அப்போது அந்நாட்டுச் சட்டப்படி பதிவு செய்யக் காலம் ஒதுக்க வேண்டும். இந்தியாவின் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி, இருவரில் ஒருவர் குறித்த மாவட்டத்தில் 30 நாட்கள் வசித்து முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். அதன் பின் இன்னும் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். பத்து நாள் பயணத்தில் இது முடியாது.

இன்னொரு விடயத்தைத் தயக்கமின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. போரில் காணாமலாக்கப்பட்டவரின் மனைவி மறுமணம் செய்ய விரும்பினால், அவரிடம் உள்ள காணாமற்போனமைக்கான சான்றிதழ் முதல் மணத்தை முடிவுக்குக் கொண்டுவராது. அந்தச் சான்றிதழ் 2016இல், 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புப் பதிவுச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தத்தால் வந்தது. காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்று ஏற்காமலே உதவிகளைப் பெறுவதற்காக உருவாக்கப்பட்டது. மறுமணத்துக்கு இறப்புச் சான்றிதழோ நீதிமன்றத்தின் விவாகரத்துத் தீர்ப்போ வேண்டும். இறப்புச் சான்றிதழ் எடுப்பது தேடுதலைக் கைவிடுவதாகுமோ என்ற வேதனை எனக்குத் தெரியும். அந்த முடிவில் வேறெவரும் அவசரப்படுத்தக்கூடாது. ஆனால் இரண்டாம் விவாகத்தைப் பதிந்த பின்னர் இந்தக் கேள்வி எழுந்தால், விசாவோடு விவாகமே செல்லாமற் போகும். முதலில் ஒரு சட்டத்தரணியைக் காணுங்கள்.

அங்கே இருப்பவரின் தகுதியும் வருமானமும்

அழைப்பவர் பிரித்தானியக் குடியுரிமை, நிரந்தர வதிவிட அனுமதி, அகதி அந்தஸ்து அல்லது மனிதாபிமானப் பாதுகாப்பு ஆகியவற்றில் ஒன்றை உடையவராக இருப்பது வழமை. நாட்டை விட்டுப் போகும் முன்னரே மணமுடித்த அகதிகளுக்குக் கட்டணமில்லாத குடும்ப ஒன்றிணைவு வழி ஒன்று இருந்தது. 2025 செப்டெம்பர் 4 முதல் அதற்குப் புதிய விண்ணப்பங்கள் ஏற்பது நிறுத்தப்பட்டதால், அவர்களும் இங்கு சொல்லப்படும் துணைவர் வழியையே பார்க்க வேண்டியதாயிற்று.

வருமான விதி 2012 ஜூலை 9 அன்று வந்தது. அப்போது ஆண்டுக்கு 18,600 பவுண். 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண், அதாவது வரிக்கு முன் மாதம் ஏறத்தாழ 2,417 பவுண். இங்கே இருப்பவர் ஆசிரியராக இருந்தாலும் வங்கியில் வேலை செய்தாலும் அந்தச் சம்பளம் முதல் விண்ணப்பத்தில் கணக்கில் வராது. அங்கே இருப்பவர் ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் நிறைந்தவரானால், ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், அதே ஆறு மாதச் சம்பளம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கூற்றுகள், முதலாளியின் கடிதம் ஆகிய மூன்றும் தேவை. சீட்டில் உள்ள தொகை கூற்றில் சதம் பிசகாமல் தெரிய வேண்டும். எங்கள் பிள்ளைகள் பலர் கடைகளிலும் பெற்றோல் நிலையங்களிலும் பாதிச் சம்பளத்தை வங்கியிலும் பாதியைக் கையிலும் வாங்குகிறார்கள். வரி கட்டாமல் கையில் வாங்கும் பாதி இந்த விண்ணப்பத்துக்கு உதவாது. அதைச் சீர்செய்ய ஆறு மாதம் வேண்டும். ஆகவே இங்கே பிறப்புச் சான்றிதழுக்கு ஓடும் அதே காலத்தில் அங்கே சம்பளத்தை முழுமையாக வங்கிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மணித்தியாலக் கூலியானால் ஆறு மாதச் சராசரி பார்க்கப்படும். நிலையான சம்பளமானால் அந்த ஆறு மாதங்களில் ஆகக் குறைந்த சம்பள மட்டமே எடுக்கப்படும். சொந்தக் கடை வைத்திருப்பவருக்குக் கடைசியாக முடிந்த முழு வரி ஆண்டின் கணக்கே அளவுகோல்.

வருமானம் போதாதபோது சேமிப்பைச் சேர்க்கலாம். முதல் 16,000 பவுண் கணக்கில் எடுக்கப்படாது. அதற்கு மேல், குறையும் தொகையின் இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். சம்பளம் 25,000 என்றால் குறைவு 4,000. அதன் இரண்டரை மடங்கு 10,000. ஆக 26,000 பவுண் சேமிப்பு வேண்டும். வருமானமே இல்லையென்றால் 88,500. இந்தப் பணம் தம்பதியரின் கணக்கில் ஆறு மாதங்கள் இருந்திருக்க வேண்டும், எங்கிருந்து வந்ததென்று காட்ட வேண்டும், கடனாக இருக்கக்கூடாது. உறவினர்களிடம் மாறி ஒரு கிழமை கணக்கில் போட்டுக் காட்டுவது பயன்படாது. காணி விற்ற பணத்துக்குச் சிறு விலக்கு உண்டு: காணி ஆறு மாதங்களாக உங்கள் பெயரில் இருந்து, விற்ற பணம்தான் அது என்று உறுதியும் வங்கிக் கூற்றும் காட்டினால், பணம் கணக்குக்கு அண்மையில் வந்திருந்தாலும் ஏற்கப்படும். சொந்தத் தொழில் வருமானத்தோடு மட்டும் சேமிப்பைக் கூட்ட முடியாது என்பதைக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

அழைப்பவர் மாற்றுத்திறனாளிகளுக்கான சில கொடுப்பனவுகளையோ பராமரிப்பாளர் கொடுப்பனவையோ பெறுபவரானால் 29,000 என்ற எல்லை அவருக்குப் பொருந்தாது. குடும்பத்தைப் போதுமான அளவில் நடத்த முடியும் என்று காட்டினால் போதும். போரில் அவயவம் இழந்து அங்கே வாழும் எங்கள் ஆட்களில் சிலருக்கு இது தெரியாததால் ஆண்டுக்கணக்கில் விண்ணப்பிக்காமலே இருந்திருக்கிறார்கள்.

வீடு பற்றிய விதி எளிது: நெரிசலில்லாத இடம், தம்பதியருக்கென்று ஓர் அறை, வீட்டு உரிமையாளரின் கடிதம்.

உறவு உண்மை என்பதற்கான சான்று

நேரில் சந்தித்ததற்குக் கடவுச்சீட்டு முத்திரைகளும் விமானச்சீட்டுகளும், தொடர்ந்து பேசியதற்கு வட்ஸ்அப், வைபர் அழைப்புப் பதிவுகளும், பணம் அனுப்பிய இரசீதுகளும் போதுமானவை. முந்நூறு பக்க உரையாடலை அச்செடுக்க வேண்டாம். மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கங்கள், திகதி தெரியும்படி. கலியாண வீட்டு அல்பத்தில் மணவறைப் படங்களை மட்டும் அனுப்புகிறார்கள். பெற்றோரோடும் சகோதரங்களோடும் வீட்டு முற்றத்தில் எடுத்த சாதாரணப் படங்களையும் சேர்த்து, பின்பக்கத்தில் யார், எங்கே, எப்போது என்று எழுதுங்கள். பேச்சுத் திருமணமானால் யார் பேசினார், சாதகம் எப்போது பார்த்தார்கள், எப்போது சந்தித்தீர்கள் என்பதை இருவரும் தனித்தனிக் கடிதமாகத் தம் சொற்களில் எழுதுவது நல்லது. இரண்டு கடிதமும் ஒரே வசனங்களில் இருந்தால் வேறொருவர் எழுதிக் கொடுத்தது தெரிந்துவிடும்.

படிவத்தில் ஒளிக்கக்கூடாதவை

முன்பு எந்த நாட்டுக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டிருந்தாலும், திருப்பி அனுப்பப்பட்டிருந்தாலும் எழுத வேண்டும். படிவத்தில் ஆயுத அமைப்புகள், போர்க்குற்றங்கள் பற்றிய கேள்விகளும் உண்டு. விடுதலைப் புலிகள் அமைப்பு 2001 முதல் பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்ட அமைப்பு. வன்னியில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களும் புனர்வாழ்வு பெற்று வந்தவர்களும் இந்தக் கேள்விக்கு முன்னால் திகைத்து நிற்பார்கள். முகவர் ஒருவர் “இல்லை என்று போடு” என்று சொன்னால் கேட்காதீர்கள். பொய் பிடிபட்டால் அந்த மறுப்பு பின்வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தொடரும். தனியே பதிலெழுதவும் வேண்டாம். பிரித்தானியாவில் பதிவுபெற்ற குடிவரவுச் சட்டத்தரணியிடம் முழுவதையும் சொல்லி, எந்த வயதில், எந்தச் சூழலில் என்பதை ஆவணத்தோடு விளக்கி அனுப்புங்கள். அங்கே குடிவரவு ஆலோசனை சொல்பவர் சட்டத்தரணியாக அல்லது குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிந்தவராக இருக்க வேண்டும். பதிவு உண்டா என்று இணையத்திலேயே பார்க்கலாம்.

கொழும்புப் பயணங்கள்

அடிப்படைக் கடதாசிகள் சரியான பிறகே கொழும்பு. முதலில் ஆங்கிலம்: ஏ1 எனப்படும் தொடக்க மட்டத்தில் பேசுவதும் கேட்பதும் மட்டும். ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் பரீட்சையில் இரண்டு பேர் பரீட்சகர் ஒருவர் முன் கால்மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பேசுவார்கள். பிரித்தானிய விசாவுக்கென அங்கீகரிக்கப்பட்ட பரீட்சையைத்தான் பதிகிறோமா என்று பணம் கட்டும்போது கேளுங்கள்; சாதாரண ஐஇஎல்டிஎஸ் எழுதி ஏமாந்தவர்கள் உண்டு.

அடுத்து காசநோய்ப் பரிசோதனை. கொழும்பில் புலம்பெயர்வுக்கான சர்வதேச அமைப்பின் நிலையத்தில் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் ஐயம் இருந்தால் சளிப் பரிசோதனை. அதன் முடிவுக்கு எட்டு வாரங்கள் வரை செல்லும் என்பதால் இதைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். கர்ப்பிணி என்றால் எக்ஸ்ரேக்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். பொலிஸ் நற்சான்று இந்த விசாவுக்குக் கேட்கப்படுவதில்லை. முகவர் அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

பிறகு இணையப் படிவமும் கட்டணமும். விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 பவுணாக உயர்ந்தது. சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம் 3,105. கட்டணங்கள் வழமையாக ஏப்ரலில் கூடுவதால், கட்டும் நாளில் அரச இணையத்தளத்தைப் பாருங்கள். பணம் கட்டும் நாளே விண்ணப்ப நாள். 28 நாள் கணக்கு அதிலிருந்து பின்னோக்கிப் போகும். கடைசிச் சம்பளச் சீட்டு வந்து இரண்டொரு நாளில் கட்டிவிடுவதே பாதுகாப்பு. கைவிரல் அடையாளத்துக்கு, விசா விண்ணப்பங்களைப் பொறுப்பேற்கும் விஎஃப்எஸ் நிலையத்தில் காலை நேரம் எடுப்பவர்கள், இரவு பஸ்ஸில் ஏ9 வழியே போய் இறங்கிய களைப்போடு நிற்காமல், முடிந்தால் முதல் நாளே போய்த் தங்குங்கள்.

நிராகரிப்பு வந்தால், இலங்கையிலிருந்து மேன்முறையீடு செய்ய 28 நாட்கள் உண்டு. கடதாசிக் குறையால் வந்த மறுப்பானால், குறையைத் தீர்த்துப் புதிதாக விண்ணப்பிப்பதே பெரும்பாலும் விரைவானது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

போய்ச் சேர்ந்த பிறகு

முதல் அனுமதி 33 மாதங்கள்; வேலை செய்யலாம், அரச உதவிப் பணம் பெறக்கூடாது. அது முடியுமுன் இன்னொரு 30 மாதத்துக்கு நீடிக்க வேண்டும். அப்போது ஏ2 ஆங்கிலமும் மீண்டும் 29,000 வருமானமும் கேட்கப்படும். இம்முறை இருவரின் சம்பளத்தையும் கூட்டலாம். ஒன்றாக வாழ்ந்ததற்கு மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து, காலம் பரவலாக, ஆறு கடிதங்கள் வேண்டும். போய்ச் சேர்ந்த மாதமே மின்சாரம், உள்ளூராட்சி வரி, வங்கி ஆகியவற்றில் இரண்டு பெயரையும் போடுவியுங்கள். “எல்லாம் அவரின் பெயரில்தான்” என்று இரண்டரை வருடம் கழித்துத் தொலைபேசியில் அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஐந்து வருடம் நிறைந்ததும் நிரந்தர வதிவிடம்: பி1 ஆங்கிலம், 24 கேள்விகளில் 18 சரியாக வேண்டிய, பிரித்தானிய வாழ்க்கை பற்றிய அறிவுப் பரீட்சை, 2025 ஏப்ரல் கணக்கில் 3,029 பவுண். ஐந்து வருடம் நிறைய 28 நாட்களுக்கு மேல் இருக்கையில் விண்ணப்பித்தால் மறுப்பு வரலாம். சட்டத்தரணியிடம் திகதியை எழுதி வாங்குங்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பும் தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “விசா என் கையில், வாயைத் திறந்தால் திருப்பி அனுப்புவேன்” என்று அடிக்கும் கணவன் சொல்வது பொய். குடும்ப வன்முறையால் உறவு முறிந்தால், ஐந்து வருடம் காத்திராமல் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கிடையில் மூன்று மாத அனுமதியோடு அரச உதவியும் தங்குமிடமும் பெற முடியும். துணை இறந்துவிட்டாலும் நிரந்தர வதிவிடத்துக்கு உடனே விண்ணப்பிக்கும் வழி உண்டு.

நிரந்தர வதிவிடம் கிடைத்ததும், பிரித்தானியக் குடிமகனின் துணைவர், மூன்று வருட வதிவு இருந்தால், குடியுரிமைக்கு மேலும் காத்திராமல் விண்ணப்பிக்கலாம். ஆனால் வேறொரு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்றவுடன் இலங்கைக் குடியுரிமை போய்விடும். அதை வைத்திருக்க விரும்புபவர் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். விசுவமடு, தர்மபுரம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் அனுமதிப்பத்திரக் காணி வைத்திருக்கும் குடும்பங்கள், பின்னுரித்தாளராக, அதாவது காணி அடுத்துச் சேர வேண்டியவராக, யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்பதை அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவு இருப்பதும், பிறப்புச் சான்றிதழுக்காக முதல் நாள் வரிசையில் நின்ற அதே பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில்தான்.